ரிவால்வரா, பிஸ்டலா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் மலேசியக் காவல் துறையினர் ஒரு காலத்தில் இடுப்பில் தொங்கவிட்டிருந்த .38 ரிவால்வர் எப்படி மெல்ல விடைபெற்று, அரைத் தானியங்கிப் பிஸ்டலுக்கு வழிவிட்டது என்று ஒரு வாசகர் கேட்டிருந்ததற்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அது அச்சில் வந்த நாளிலிருந்து, சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பசியாறப் போகும் இடத்தில்கூட இதே பேச்சாகிவிட்டது. வந்த கடிதங்களில் நான்கை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நான் வீரதீரம் காட்டியவன் அல்லன். பணிக்காலத்தில் பெரும்பகுதியை ஆயுத அறையில் துப்பாக்கிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கியே கழித்தவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறான். கிரீன் கார்டு கிடைத்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எண்ணெய் நிலையத்தோடு சேர்ந்த சிறு கடை ஒன்றை நடத்துகிறான். இரவில் கல்லாப் பணத்தோடு வீடு திரும்ப வேண்டியிருப்பதால், சட்டைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி வாங்கப் போகிறானாம். துப்பாக்கிக் கடைக்காரர் 'முதன்முறை வாங்குகிறவருக்கு ரிவால்வர்தான் சுலபம்' என்கிறார். நண்பர்கள் 'இந்தக் காலத்தில் ரிவால்வரா?' என்று சிரிக்கிறார்கள். அண்ணன் என்ற முறையில் நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: துப்பாக்கியைப் பிறகு பார்ப்போம், முதலில் அட்டையைப் பார்ப்போம். தம்பி கிரீன் கார்டு வைத்திருப்பதால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி அவர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தடையில்லை. ஆனால் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ அங்கே போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலொழிய, அவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். தம்பியின் கடையில் அப்படிப்பட்ட பிள்ளை எவரேனும் வேலை பார்த்தால், 'இதைக் கொஞ்சம் பிடி' என்று சொல்லிக் கையில் கொடுக்கக்கூட வேண்டாம் என்று எழுதுங்கள்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. இருந்தாலும் உரிமம் வழங்கும் முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு வகுப்பும் சுடும் தேர்வும் உண்டு. வேறு பல மாநிலங்களும் அந்த உரிமத்தை ஏற்றுக்கொள்கின்றன. தேவையில்லை என்று சட்டமே சொன்னாலும், தம்பியை அந்த வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள்.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி உண்மை. ரிவால்வரைப் புரிந்துகொள்வது சுலபம்; அதனால் குறி தவறாமல் சுடுவது சுலபமன்று. சட்டைக்குள் மறைக்கக்கூடிய சின்ன ரிவால்வருக்கு இது இரட்டிப்பு உண்மை.

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கிறது. அதில் ஐந்து அல்லது ஆறு துளைகள். துளைக்கு ஒரு தோட்டா. விசையை (டிரிகரை) இழுக்கும்போது உருளை ஒரு துளை சுழன்று வந்து நிற்கிறது, சுத்தி எனப்படும் சிறு சுத்தியல் பின்வாங்கி வந்து தோட்டாவின் அடியில் அடிக்கிறது. இவ்வளவு வேலையையும் உங்கள் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் செய்கிறது. சின்ன ரிவால்வரின் விசையை இப்படி முழுதாக இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு வேண்டும். மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், அதுதான் கணக்கு. ஆனால் துப்பாக்கியின் எடையோ, அலுமினியக் கலவையில் செய்த ஐந்து தோட்டா வகைகளில், அரைக் கிலோவுக்கும் குறைவு. அரைக் கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஐந்து கிலோ இழுப்பைக் கொடுத்தால், குழல் வாய் எங்கே நிற்கும்? குழலோ இரண்டு அங்குலம். குறி பார்க்கும் முனைகளுக்கு இடையே உள்ள தூரம் அதற்கேற்பக் குறைவு. கை சற்றே திரும்பினாலும் குண்டு முழ அளவு விலகிப் போகும். எடை குறைந்ததாயிற்றே என்று மகிழ்ந்து வாங்கியவர்கள், அதன் உதைப்பைத் தாங்க முடியாமல், இருபது முறை சுட்டதும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அரைத் தானியங்கிப் பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்ற, மேலே உள்ள ஸ்லைடை ஒருமுறை கையால் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த வெடிப்பின் வேகமே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விரலின் வேலை குறைந்துபோவதால் இழுப்பும் குறைகிறது. க்ளாக் என்ற பிஸ்டல் வகைகளில் ஏறக்குறைய ஐந்தரை பவுண்டுதான். உதைப்பின் ஒரு பகுதியை ஸ்லைடும் அதன் சுருள்வில்லும் வாங்கிக்கொள்கின்றன. புதிதாகப் பழகுகிறவர் ஒருவரின் கையில் இரண்டையும் கொடுத்து ஏழு கெஜத் தூரத்தில் காகிதத்தைச் சுடச் சொன்னால், பிஸ்டல் ஓட்டைகள் உள்ளங்கை அளவிலும், குட்டை ரிவால்வர் ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டு அளவிலும் விழுவதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பிஸ்டலேதானா என்று கேட்டுவிடாதீர்கள். அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நான் பணியாற்றிய நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். இரவுப் பணி முடிந்து ஓர் இளைஞர் பிஸ்டலைத் திருப்பித் தர வந்தார். ஒப்படைக்கும் முன் துப்பாக்கியை வெறுமையாக்கும் முறை ஒன்று உண்டு: முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை இழுத்து அறையில் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அவர் வரிசையை மாற்றிவிட்டார். ஸ்லைடை முதலில் இழுத்தார். ஒரு தோட்டா மேசைமேல் துள்ளி விழுந்தது. பிறகு மேகசினைக் கழற்றி என் முன்னால் வைத்தார். கழற்றிய மேகசின் கண்ணெதிரே, வெளியே வந்த தோட்டா கண்ணெதிரே. எல்லாம் முடிந்தது என்று அவர் நம்பிவிட்டார். ஸ்லைடு திரும்பி முன்னுக்குப் போனபோதே மேகசினிலிருந்து இன்னொரு தோட்டாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தது அவருக்கு உறைக்கவில்லை. மணல் நிரப்பிய பீப்பாயின் வாயில் குழலை வைத்து விசையை இழுத்தார். வெடித்தது. மணல் இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. என் வலது காது மட்டும் மூன்று நாள் இரைந்துகொண்டிருந்தது. அந்த இளைஞர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

ரிவால்வரில் இந்தத் தவறு நேராது. உருளையை வெளியே தள்ளினால் ஆறு துளையும் ஆறு கண்ணைப் போல உங்களைப் பார்க்கும். இருக்கிறதா இல்லையா என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பிஸ்டலோ ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெறுங்கை காட்டும். ஆகவே வீட்டில் பத்திரமாக வைத்து எடுப்பதற்கு ரிவால்வர் தோழன். இலக்கில் சுடுவதற்குப் பிஸ்டல் தோழன். கடைக்காரர் முதற்பாதியைச் சொன்னார், நண்பர்கள் பிற்பாதியைச் சொன்னார்கள்.

சுடும்போது நின்றுபோனால் என்ன செய்வது என்பதிலும் இதே முரண்தான். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும். அடுத்த துளை வந்துவிடும். பிஸ்டலில் மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட வேண்டும்; அது பயிற்சி உள்ள கைக்கு ஒரு நொடி, இல்லாத கைக்கு ஒரு யுகம். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் கூடு சிக்கிக்கொள்ளும். ஆனால் ரிவால்வர் அபூர்வமாகச் சிக்கினால், அது உருளையே சுழலாத சிக்கல். பட்டறைக்காரர்தான் பிரிக்க வேண்டும்.

அமெரிக்கக் காவல் படைகள் பிஸ்டலுக்கு மாறிய கதையில் ஒரு நாளை அடிக்கடி சொல்வார்கள். 1986 ஏப்ரல் 11ஆம் நாள் மயாமி நகருக்கு அருகே எஃப்பிஐ அதிகாரிகள் எண்மர் இரண்டு கொள்ளையர்களோடு மோதினர். அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். கையில் குண்டடிபட்ட ஒருவரால் தம் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியவில்லை. இதைச் சொல்கிறவர்கள், உயிரிழந்த இருவரின் கையிலும் இருந்தவை பிஸ்டல்கள்தாம் என்பதையும், அவற்றில் ஒன்று எதிரியின் குண்டு பட்டுச் செயலற்றுப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எதிரிகளில் ஒருவன் கையில் ரைஃபிள் இருந்தது. அந்த நாளிலிருந்து உங்கள் தம்பிக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே: காயம்பட்ட ஒற்றைக் கையால் ஐந்து தோட்டாக்களைத் துளை துளையாகப் போடுவதைவிட, மேகசின் ஒன்றைச் செருகுவது எளிது.

மறைப்பதைப் பற்றி. 2018இல் வந்த சிக் பி365 என்ற பிஸ்டலின் மேகசினில் 10 தோட்டாக்கள். பருமன் சுமார் ஓர் அங்குலம். ஐந்து தோட்டா ரிவால்வரின் உருளை ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்று மேல். அளவுகோலில் பிஸ்டல் வெல்கிறது. ஆனால் ரிவால்வரின் கைப்பிடி உருண்டு சரிவதால் சட்டைக்கு மேல் துருத்தாது. பிஸ்டலின் சதுரமான பின்மூலை, குனிந்தால் துணியைக் குத்திக்கொண்டு நிற்கும். எதுவானாலும் விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையும், அதைத் தாங்கும் விறைப்பான இடைவாரும் வேண்டும். துப்பாக்கியின் விலையைப் பார்த்துவிட்டு இவற்றில் மிச்சம் பிடிக்கிறவர்கள் பலர்.

நம்மவர் வாழ்க்கைக்கு என்று சில தொல்லைகள் உண்டு; அமெரிக்கர்கள் எழுதும் அறிவுரைகளில் அவை வராது. வேட்டி இடைவாரைத் தாங்காது. வயிற்றுப் பக்கம் உறை வைத்தவர் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. பேர்லண்டில் உள்ள மீனாட்சியம்மன் கோவில் ஹூஸ்டன்காரர்களுக்குப் பக்கம். அங்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிற பக்தரின் இடுப்பிலிருந்து துப்பாக்கி நழுவினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த இடத்தின் உரிமையாளரும் மறைத்து வைத்த துப்பாக்கிக்கு அனுமதியில்லை என்று பலகை வைக்கலாம், அதற்கு '30.06' என்று சட்டப் பிரிவின் எண்ணையே பெயராகச் சொல்வார்கள். வருவாயில் 51 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதுவிலிருந்து பெறும் விடுதிகளில் எந்த உரிமம் இருந்தாலும் துப்பாக்கி கூடாது. தம்பி இவற்றைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

என் தீர்ப்பு இது. அங்கே சுடுதளங்களில் துப்பாக்கிகளை வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு சனிக்கிழமை போய், குட்டை ரிவால்வர் ஒன்றிலும் நடுத்தர அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றிலும் ஐம்பது ஐம்பது தோட்டாக்கள் சுட்டுவிட்டு, இரண்டு காகிதங்களையும் உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறையாவது பயிற்சிக்குப் போகத் தயார் என்றால் பிஸ்டல் வாங்கட்டும். அதிலும் ஆகச் சின்னதை வேண்டாம் என்பேன். பயிற்சிக்கு நேரமில்லை, அதனால்தான் ரிவால்வர் என்று சொன்னால், இரண்டையும் வாங்காமல் கல்லாப் பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடச் சொல்லுங்கள். கடைக்காரரின் 'சுலபம்' என்ற சொல்லில் ஏமாறுகிறவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தாம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டாலஸ் நகரில் தாதியாக இருக்கிறாள்; குடியுரிமை பெற்றவள். இரவுப் பணி. மருமகனின் பிஸ்டலில் அந்த மேல்பகுதியை இழுக்க அவளுக்குக் கை வலு போதவில்லை. அதனால் ரிவால்வர் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள். இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை.
– வாசகி, பீடோர்

பதில்: அம்மா, மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ஸ்லைடு பெரும்பாலும் வலுக் குறைவால் அல்ல, பிடிக்கும் முறையால்தான் வர மறுக்கிறது. பலர் துப்பாக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடைக் கிள்ளி இழுக்கிறார்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, குழல் வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுதாகப் பற்றி அசையாமல் நிறுத்தி, வலது கையால் கைப்பிடியை முன்னுக்குத் தள்ள வேண்டும். தேங்காய் துருவும்போது நாம் கையை மட்டும் நம்புவதில்லை, தோளையும் சேர்த்துக் கொடுக்கிறோம், அதே சூட்சுமம்தான். அப்படியும் முடியாவிட்டால், மென்மையான ஸ்லைடுக்காகவே செய்யப்பட்ட பிஸ்டல்கள் உள்ளன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் .380 ஷீல்டு ஈஸி 2018 முதல் விற்பனையில் இருக்கிறது.

ஸ்லைடை இழுக்க முடியாத கைக்கு ரிவால்வரின் ஐந்து கிலோ இழுப்பு மட்டும் எப்படி வசப்படும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். விரலில் வலு இருந்து, பிடியில் மட்டும் குறை என்றால் ரிவால்வர் பொருத்தம்தான். அப்போது எஃகில் செய்த, சற்றுக் கனமானதை எடுத்து, உதைப்புக் குறைந்த, வாட்கட்டர் எனப்படும் தட்டை முனைத் தோட்டாக்களில் பழகட்டும்.

கைப்பையில் வைப்பதானால் ரிவால்வருக்கு ஒரு மேன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சுத்தி வெளியே தெரியாத வகைகளைப் பைக்குள் இருந்தபடியே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடலாம். பிஸ்டலில் ஸ்லைடு பின்வாங்க இடமில்லாமல் துணியில் சிக்கி, முதல் குண்டோடு நின்றுவிடக்கூடும். ஆனால் கைப்பை என்பது பறிக்கப்படுகிற பொருள். வழிப்பறிக்காரன் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். மகள் அதற்குள்தான் தற்காப்பை வைத்திருப்பார். பேனாவோ சாவிக்கொத்தோ விசைக்குள் நுழையாமல் இருக்க, பைக்குள்ளும் உறை கட்டாயம்.

பேரன் விஷயத்தில் நான் மழுப்பப் போவதில்லை. 2014 டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் கைப்பையில் கைவிட்ட அவருடைய இரண்டு வயது மகன், உள்ளே இருந்த துப்பாக்கியை அழுத்தியதில் அந்தத் தாய் அங்கேயே உயிரிழந்தார். ரிவால்வரின் கனமான விசை ஒரு குழந்தையின் விரலுக்குக் கடினம். முடியாதது அல்ல, குழந்தைகள் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்துவார்கள். எனவே உடம்போடு சேர்ந்த உறையில் வைப்பது, வீட்டுக்கு வந்ததும் விரைவாகத் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியில் பூட்டுவது, இரண்டுக்கும் இடையே மேசைமேலோ சோபாவிலோ ஒரு நிமிடம்கூட வைக்காமல் இருப்பது. இவற்றில் ஒன்றுக்கு மகள் தயங்கினாலும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக டெக்சஸ் சட்டம் இடம் தராது. ஆகவே பன்னிரண்டு மணி நேரப் பணியில் அது காரில்தான் கிடக்கும். கண்ணாடியை உடைத்துத் திருடுகிறவர்களுக்கு அது தெரியும். இருக்கையின் அடியில் கம்பிவடத்தால் கட்டிய பூட்டுப் பெட்டி இல்லாமல் அந்தத் துப்பாக்கியால் மகளுக்குப் பயன் குறைவு. வேறு யாருக்கோ பயன் அதிகம்.

கேள்வி: கோலகங்சாரில் நகைக்கடை வைத்திருக்கிறேன். உரிமம் கிடைத்தால் எதை வாங்குவது?
– ஒரு வாசகர்

பதில்: 'கிடைத்தால்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலக் காவல் துறைத் தலைவரின் கையில் இருக்கிறது. டெக்சஸைப் போலக் கடைக்குப் போய் இரண்டையும் தூக்கிப் பார்த்து முடிவெடுக்கும் பொருள் அல்ல இது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் தண்டனை அதிகரிப்புச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. யாரோ எல்லைப் பக்கமிருந்து வாங்கித் தருகிறேன் என்று சொன்னால், அவரைக் கடை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முறைப்படி உரிமம் பெற்றவர்களுக்கு இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். மழை, வியர்வை, ஈரக்காற்று: நம் நாட்டில் துப்பாக்கிக்கு முதல் எதிரி துரு. தோல் உறை அழகாக இருக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் உறையோடு பெட்டியில் பூட்டி மூன்று மாதம் கழித்து எடுத்தால், குழலின் மேல் உறையின் தையல் தடம்கூடத் துருவாகப் பதிந்திருக்கும். துருவேறா எஃகில் செய்த ரிவால்வர் இதைச் சற்றுத் தாங்கும். மேகசினில் தோட்டா நிரப்பியே வைத்திருந்தால் சுருள்வில் தளர்ந்துவிடும், அதனால் ரிவால்வர்தான் மேல் என்று சொல்வார்கள். நல்ல வில் அமுங்கிக் கிடப்பதால் தேய்வதில்லை, திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதால்தான் தேய்கிறது. ஆகவே அந்தக் காரணத்துக்காக ரிவால்வர் வாங்க வேண்டாம்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், முகமூடியோடு உள்ளே வந்தவன் ஆயுதத்தை நீட்டிய பிறகுதான் தம் இடுப்பில் கை வைக்க முடியும். அந்த இரண்டு நொடியில் ஐந்து தோட்டாவும் ஒன்றுதான், பத்துத் தோட்டாவும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் மட்டுமே திறக்கும் இரட்டைக் கதவுக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா அவசரகாலத்தில் (ஆங்கிலேய ஆட்சி கம்யூனிஸ்டுகளோடு மோதிய காலத்தில்) தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர், துரைக்குக் காவலாகப் போவாராம். பழைய லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சாமான்களை ஒதுக்கியபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் தோல் உறை ஒன்றும் மூன்று தோட்டாக்களும் கிடைத்தன. தோட்டாக்கள் குட்டையானவை, அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது, பச்சை பூத்திருக்கின்றன. இவை ரிவால்வருக்கு உரியவையா, பிஸ்டலுக்கு உரியவையா? நினைவாக வைத்துக்கொள்ளலாமா?
– ஆசிரியர் ஒருவர், சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: ரிவால்வருக்கு உரியவை என்றே தோன்றுகிறது. ரிவால்வர் உருளையின் துளைக்குள் தோட்டா விழுந்துவிடாமல் நிற்பதற்கும், காலிக் கூட்டை வெளியே தள்ளுவதற்கும் அந்த விளிம்புதான் பிடி. பிஸ்டல் தோட்டாவில் விளிம்பு துருத்தினால் மேகசினுக்குள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்பதால், அடியில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டி, விளிம்பை உடம்போடு சமமாக்கிவிடுவார்கள். விளிம்பு இருந்தும், நீளமாகக் கழுத்துக் குறுகி இருந்தால் அது .303 ரைஃபிள் தோட்டா. கான்ஸ்டபிள்கள் கையில் இருந்தது பெரும்பாலும் அந்த ரைஃபிள்தான். உங்களுடையவை குட்டை என்கிறீர்கள். உறையும் சேர்ந்து கிடைத்திருப்பதால், துரையுடைய ரிவால்வரின் மிச்சமாக இருக்கலாம்.

1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் நம் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் அவசரகாலம் தொடங்கியது. அதன் பிறகு துரைமார் ஆயுதம் இல்லாமல் மலைக்காட்டுப் பக்கம் கால் வைக்கவில்லை. வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் அக்காலத்தில் பேர்பெற்றது. அதன் முதுகில் உள்ள பூட்டைத் தட்டினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறக்கும். திறக்கிற வேகத்தில் ஆறு கூடுகளும் ஒன்றாக மேலெழும்பி விழும். சேறும் மழையும் பால்மரப் பிசினும் படிகிற இடத்தில், துடைக்கச் சுலபமான அந்தக் கருவியை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை.

நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, உறையை வைத்துக்கொள்ளுங்கள், தோட்டாவை வேண்டாம் என்பதே பதில். நம் சட்டத்தில் துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் உரிமம் வேண்டும்; எழுபது ஆண்டுப் பழையது என்பது விலக்கு அல்ல. அவசரகாலத்தில் இது உயிர்போகும் விஷயமாக இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகத்தான். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் கையில் தோட்டாவோடு சாலைத் தடுப்பில் நின்று தாத்தாவின் கதையைச் சொல்ல நேர்வது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

பச்சை பூத்த தோட்டாவைத் தேய்க்காதீர்கள், அடியில் உள்ள எழுத்தைப் படிக்க ஆணியால் சுரண்டாதீர்கள். அடியின் நடுவில் இருக்கும் சிறு வட்டம்தான் அடிபட்டால் தீப்பிடிக்கும் இடம். பள்ளிக்குக் கொண்டுபோய் மாணவர்களுக்குக் காட்டும் ஆசை ஆசிரியருக்கு வரும் என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன். இருந்த இடத்திலேயே பெட்டியை மூடிவிட்டு, பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல், வட்டாரக் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே, எப்போது, எத்தனை கிடைத்தன என்று சொல்லுங்கள். நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உறையை மட்டும் வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்தித் தேங்காய் எண்ணெய் படாமல் துடைத்து வையுங்கள். எண்ணெய் பட்ட பழைய தோலில் பூஞ்சை சீக்கிரம் ஏறும். உட்புறத்தில் ரிவால்வரின் உருளை அழுத்திய வட்டத் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், தாத்தா யாருக்குக் காவல் போனார் என்பதற்கு அது ஒரு சாட்சி.